சமைப்பவருக்கும் சம்பளம் வேண்டும்: தமிழகச் சிறு அறக்கட்டளைகளின் கோரிக்கைச் சாசனம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் முதியோர் இல்லங்களில் சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது. பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று ஏதாவதொரு குடும்பம் வடை பாயசத்தோடு வந்துவிடும். சில வாரங்களில் மூன்று குடும்பத்தார் ஒரே நாளைக் கேட்பார்கள். இரண்டு பேரிடம் தேதியை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவோம். அதே இல்லத்தில் நள்ளிரவில் படுக்கையை நனைத்துவிடும் பெரியவரைத் துடைத்து, வேட்டி மாற்றி, மறுபடி படுக்க வைக்கிற ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய சம்பளத்துக்கென்று இதுவரை ஒருவரும் நாள் குறித்துக்கொண்டு வந்ததில்லை. மின்கட்டணம், கழிவுநீர்த் தொட்டி எடுக்கிற லாரிக் கூலி, ஆடிட்டர் கட்டணம் ஆகியவற்றுக்கும் அதே கதைதான்.

ஆகவே கொடுக்கிற மனது வற்றிவிட்டது என்று நாங்கள் புலம்பப்போவதில்லை. அது வற்றவில்லை. அந்தக் கொடையைத் தினமும் காலையில் எழுந்து காரியமாக்குகிற மனிதர்களைத் தாங்கத்தான் சட்டத்திலும் ஏற்பாடில்லை, நடைமுறையிலும் ஏற்பாடில்லை. இந்தச் சாசனம் அதைக் கேட்கிறது.

நாங்கள் தமிழகத்துச் சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாயைத் தாண்டாத அறக்கட்டளைகளையும் சங்கங்களையும் நடத்துகிறவர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் 4ஆம் புத்தகத்தில் பதிவான ஒரு பத்திரம், அல்லது 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளர் தந்த ஒரு சான்றிதழ், இதுதான் எங்கள் பிறப்புச் சான்று. முதியோர் இல்லம், சிறப்புக் குழந்தைகளின் பள்ளி, மாலைநேரப் படிப்பு மையம், தீராத நோயாளிகளை வீட்டுக்கே சென்று பார்க்கிற செவிலியர் குழு என்று வேலை பலவிதம். பெரும்பாலும் வாடகைக் கட்டடம், ஐந்தாறு ஊழியர், செயலாளராக ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

சிறியது என்பதால் எங்களை அற்பமாக எண்ண வேண்டாம். 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியபோது அது போக்கிடமற்ற சில பெண்களுக்கான புகலிடம் மட்டுமே. 1954இல் அவர் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் எளிய அளவில்தான் பிறந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு திறந்த கண் மருத்துவமனைதான் இன்று உலகமே வந்து பார்க்கிற அரவிந்த். இன்றும் எங்காவது ஒரு வாடகை வீட்டில் அப்படியொரு 11 படுக்கை இருக்கும். அது ஐந்தாம் ஆண்டைப் பார்க்குமா என்பதுதான் எங்கள் கவலை.

கோரிக்கைகளுக்கு முன்னால் எங்கள் பக்கத்துக் குறையைச் சொல்லிவிடுகிறோம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சேவை என்ற பெயரைப் பலகையில் எழுதிவிட்டு உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலை இருந்ததால் நேர்ந்த சாவுகள் அவை. 2015இல் மத்தியப் புலனாய்வுத் துறை உச்ச நீதிமன்றத்தில் தந்த விவரப்படி நாட்டில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வ அமைப்புகள் பதிவாகியிருந்தன. கணக்கு தாக்கல் செய்தவை பத்தில் ஒரு பங்கு அளவுதான். பெயருக்குப் பதிவு செய்துவிட்டுத் தூங்குகிறவையும், குடும்பச் சொத்தைக் காப்பாற்றத் தொடங்கியவையும், நன்கொடையில் கார் வாங்கியவையும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்களால் எங்கள் பெயரும் கெட்டது.

எனவே கண்காணிப்பே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் இல்லங்களின் வாசலில் தமிழில், படிக்கத் தெரிந்த எவருக்கும் புரிகிற மாதிரி, ஆண்டு வரவு செலவை எழுதி ஒட்டுவோம். அறங்காவலர்களில் ஒரே குடும்பத்தார் பாதிக்கு மேல் இருக்க மாட்டார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் எந்த அதிகாரியும், எந்தக் கொடையாளரும் எங்கள் சமையலறைக்கும் கழிப்பறைக்கும் வந்து பார்க்கலாம். இவற்றைப் பின்பற்றாதவர்கள் இந்தச் சாசனத்தில் கையெழுத்திட வேண்டாம். இதைச் சொன்ன பிறகே கேட்கிற உரிமை எங்களுக்கு வருகிறது என்று நம்புகிறோம்.

முதல் கோரிக்கை: ஒரு தேதி தவறினால் இல்லத்தை இழக்கக் கூடாது

வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்குத் தருகிற 12ஏ பதிவு என்பது ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்றிருந்தது. 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை மாற்றி, எல்லா அறக்கட்டளைகளையும் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னது. அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றது. எத்தனை பேர் திணறினார்கள் என்பதற்குக் கெடுத் தேதியைத் திரும்பத் திரும்ப நீட்டி 2024 ஜூன் 30 வரை கொண்டுபோனதே சாட்சி. 2025இல் ஆண்டு வரவு 5 கோடி ரூபாயைத் தாண்டாத அமைப்புகளுக்குப் பதிவுக் காலத்தை 10 ஆண்டாக்கினார்கள். அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் கொடையாளருக்கு வரிக் கழிவு தருகிற 80ஜி ஒப்புதலுக்கு அந்த நீட்டிப்பு வரவில்லை. ஒரே அமைப்பு, ஒரே கணக்கு, ஒரே அலுவலகம்; ஒரு சான்றுக்கு 10 ஆண்டு, இன்னொன்றுக்கு 5. இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. புதுப்பிக்கும் விண்ணப்பத்தை உரிய காலத்தில் போடத் தவறினால், அந்த அமைப்பின் சொத்துகளைச் சந்தை மதிப்பில் கணக்கிட்டு, கடனைக் கழித்து, மீதிக்கு உச்ச வீதத்தில் வரி போட 2023ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு விதவைத் தாய் எழுதிக் கொடுத்த அரை ஏக்கர் இன்று நகரத்துக்குள் வந்துவிட்டது என்று வையுங்கள். அந்த நிலத்தில் நிற்கிற இல்லத்தின் கையிருப்பு 80 ஆயிரம் ரூபாய். வரி வந்தால் நிலத்தை விற்காமல் எப்படிக் கட்டுவது? நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2024இல் துறைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது ஓர் அதிகாரியின் மனதைப் பொறுத்தது. சிறு அமைப்புகளுக்குத் தாமதத்துக்கான தண்டனை சிறு அபராதத்தோடு நிற்க வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டும்.

கணக்குப் புத்தகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஆகஸ்டில் வந்த விதிப்படி நாங்கள் வைத்திருக்க வேண்டிய பதிவேடுகளின் பட்டியல் நீளமானது. பத்தாண்டுகள் அவற்றைக் காப்பாற்றவும் வேண்டும். ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் வரவுள்ள மாலைநேரப் படிப்பு மையத்துக்கும் பல நூறு கோடி வரவுள்ள கல்விக் குழுமத்துக்கும் அந்தப் பட்டியல் பொது. வரவு 25 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு ரொக்கப் புத்தகம், ஒரு நன்கொடைப் பதிவேடு, இரண்டு பக்கத்தில் தமிழிலேயே நிரப்பக்கூடிய ஆண்டுப் படிவம் போதும் என்று ஆக்குங்கள்.

இரண்டாவது: மாதச் சம்பளக்காரரின் 500 ரூபாய்

எங்களைத் தாங்குகிறவர்கள் பெரும் செல்வந்தர்கள் அல்ல; பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வூதியக்காரர்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரசீதுக்காகவாவது எங்களை நினைத்துக்கொள்வார்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையே இயல்பான முறை என்றாகிவிட்டது. அதில் 80ஜி கழிவு கிடையாது. 12 லட்சம் வரை வரி இல்லை என்ற 2025ஆம் ஆண்டு அறிவிப்புக்குப் பிறகு நடுத்தர வருமானக்காரர் பழைய முறையில் இருக்கக் காரணமே இல்லை. அவர்களுக்கு வரி குறைந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. வரிக்காக மட்டும் யாரும் தர்மம் செய்வதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் ரசீது கேட்டு வருகிறவர் வரும்போது எங்கள் குழந்தைகளைப் பார்த்துவிட்டுப் போவார். அடுத்த ஆண்டும் வருவார். அந்த வருகை நின்றுபோகிறது.

புதிய முறையிலும் நன்கொடைக் கழிவு வேண்டும். ஆண்டுக்கு 25 ஆயிரம் ரூபாய் வரையாவது கொடுங்கள். ரொக்க நன்கொடைக்கு 2017 முதல் உள்ள 2,000 ரூபாய் வரம்பை 5,000 ஆக்குங்கள். கழிவு கேட்கிற ஒவ்வொரு கொடையாளரின் பான் அல்லது ஆதார் எண்ணையும் மே 31க்குள் ஏற்றாவிட்டால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு ஊழியரின் கூலி. சிறு அமைப்புகளுக்கு அதற்கும் உச்ச வரம்பு வையுங்கள்.

பொருள் வாங்கும்போது நாங்கள் கட்டுகிற ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற வழியில்லை. இலவச உணவு தருகிற சமய நிறுவனங்களுக்கு அந்த வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தர 2018இல் சேவா போஜ் யோஜனா என்ற திட்டம் வந்தது. மாதம் 5,000 பேருக்காவது உணவிட வேண்டும் என்பது நிபந்தனை. 40 பெரியவர்களுக்கு ஆண்டு முழுக்க மூன்று வேளையும் சோறு போடுகிற இல்லம் அதற்குள் வராது. வர வேண்டும்.

மூன்றாவது: வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்

எங்களில் பலருக்கு இந்தச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) பதிவே இல்லை. ஆனாலும் இந்தக் கோரிக்கையை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் முதலில் வெட்டியது எங்களைப் போன்றவர்களைத்தான்.

அந்த ஆண்டின் நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கொரோனா ஊரடங்கின் தொடக்க நாட்களில் நிதி ஆயோக் 92 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வ அமைப்புகளுக்குக் கடிதம் எழுதி, அரசோடு கைகோக்கக் கேட்டது. அமைப்புகள் கைகோத்தன. நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களுக்குச் சாலையோரம் சோறும் தண்ணீரும் கொடுத்தவர்கள் யார் என்பதை நாடு பார்த்தது. செப்டம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தத்தை அவசரமாக நிறைவேற்றியது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டுக்கு வெட்டப்பட்டது. வெளிநாட்டு நன்கொடை பெறும் ஓர் அமைப்பு அதில் ஒரு ரூபாயையும் வேறொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்றானது. நன்கொடை முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு புதுடெல்லியில் ஒரே ஒரு வங்கிக் கிளையில்தான் இருக்கலாம் என்றானது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. எனவே இனி நாடாளுமன்றத்திடம்தான் கேட்க முடியும்.

பணத்தைக் கைமாற்றக் கூடாது என்ற தடையின் பொருள் என்ன? சென்னையிலோ மதுரையிலோ உள்ள பெரிய அமைப்புக்கு வெளிநாட்டு நிதி கிடைக்கும்; அவர்களுக்கு ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுத ஆள் உண்டு. கடற்கரைக் கிராமத்தில் மீனவப் பெண்களோடு இருபது ஆண்டு பழகிய சிறு அமைப்புக்கு அந்த ஆள் இல்லை. பெரியவர் வாங்கிச் சிறியவரோடு பகிர்வதுதான் நடைமுறையாக இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகமும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் அமைத்து வேலை செய்ததை நாடே பாராட்டியது. எந்தக் குப்பத்தில் படகு இல்லை, எந்த வீட்டில் அம்மா இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருந்ததால்தான் அது நடந்தது. அடுத்த பேரலையோ பெருவெள்ளமோ வந்தால் அந்த உள்ளூர்க்காரரிடம் பணம் போய்ச்சேர வழி அடைக்கப்பட்டிருக்கிறது.

20 விழுக்காட்டு வரம்பையும் பாருங்கள். மருத்துவமனை மருத்துவரின் சம்பளமும் பள்ளி ஆசிரியரின் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது என்று விதி சொல்கிறது, நல்லது. கணக்கர், மேலாளர், அலுவலக வாடகை, வழக்கறிஞர், தணிக்கை எல்லாம் சேரும். சரியாகக் கணக்கு வை என்று ஒரு சட்டம் ஆணையிடுகிறது. கணக்கு வைப்பவருக்குக் கொடுக்கிற சம்பளத்தை இன்னொரு சட்டம் வீண் செலவு போல எண்ணுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர் மாலையில் டியூஷன் எடுத்துப் பிழைக்கிற எங்கள் கணக்கர்.

ஆகவே கேட்கிறோம்: பதிவு பெற்ற அமைப்புகளுக்குள் நிதிப் பகிர்வை, முழு விவரத்தையும் வெளியிடும் நிபந்தனையோடு, மறுபடி அனுமதியுங்கள். நிர்வாகச் செலவு வரம்பை 35 விழுக்காடாக உயர்த்துங்கள். புதுப்பித்தல் விண்ணப்பத்தின் மீது சாதாரணமாக 90 நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கெடு தாண்டினால் பழைய சான்று தானாகவே தொடரட்டும். 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இதுவரை ரத்தாகியிருக்கின்றன. தவறு செய்தவரைத் தண்டியுங்கள். காரணத்தை எழுத்தில் கொடுங்கள், விளக்கம் சொல்ல ஒருமுறை அழையுங்கள், மறுத்த அமைச்சகத்திடமே மறுபரிசீலனை கேட்காமல் ஒரு தனித் தீர்ப்பாயத்திடம் முறையிட வழி வையுங்கள்.

நான்காவது: கம்பெனிகளிடம்

கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவுப்படி, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடுகின்றன. 2014 ஏப்ரலில் தொடங்கிய ஏற்பாடு இது. அந்தப் பணம் பெரும்பாலும் ஆலை இருக்கிற இடத்தைச் சுற்றியே பாய்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரே பள்ளிக்கு இரண்டு கம்பெனிகள் கழிப்பறை கட்டித் தர முன்வரலாம். ராமநாதபுரத்துப் பள்ளிக்கு அப்படி வருவது அரிது, அங்கே ஆலைகள் குறைவு. வெளியமைப்பாக இருந்தால் மூன்றாண்டு அனுபவம் காட்ட வேண்டும்; கம்பெனி தானே தொடங்கும் அறக்கட்டளைக்கு அந்த நிபந்தனை இல்லை. இதையும் சமப்படுத்த வேண்டும்.

கம்பெனி அதிகாரிகளுக்கு நேரடியாக ஒன்று சொல்கிறோம். விதியில் உள்ள 5 விழுக்காடு வரம்பு உங்கள் நிறுவனத்துக்குள் நீங்கள் செய்துகொள்கிற நிர்வாகச் செலவுக்கானது. வேலையை நடத்துகிற அமைப்பின் ஊழியர் சம்பளத்தை அந்த 5க்குள் அடக்கச் சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதுவதை நிறுத்துங்கள். தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்துப் பெயர்ப்பலகை வைக்கிறீர்கள், நன்றி. தையல் சொல்லித் தருகிறவருக்கு மூன்று ஆண்டுச் சம்பளமும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை ஆலையில்லாத மாவட்டங்களுக்கு ஒதுக்குங்கள்.

ஐந்தாவது: மாநில அரசிடம்

ஓர் இல்லத்தை முறையாக நடத்த எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டும்? குழந்தைகள் என்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப் பதிவு. பெண்கள், குழந்தைகள் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் உரிமம். மாற்றுத்திறனாளிகள் என்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டம், மனநலம் என்றால் 2017ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றுக்கு மேலே தீயணைப்புத் துறைத் தடையின்மைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு. ஒவ்வொன்றுக்கும் வேறு காலக்கெடு, வேறு அலுவலகம். ஏர்வாடியை மறக்காத நாங்கள் இவற்றில் ஒன்றையும் நீக்கச் சொல்லவில்லை. எல்லாச் சான்றுக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரே சாளரம், ஒரே விண்ணப்பம், ஒரே நாளில் கூட்டு ஆய்வு, மூன்றாண்டுச் செல்லுபடி. இவ்வளவே.

சிறப்பாசிரியர்களின் மதிப்பூதியம், இல்லவாசிகளின் உணவு மானியம் போன்றவை எங்கள் அனுபவத்தில் மாதக் கணக்கில் தாமதமாகின்றன. அதுவரை மளிகைக்கடைக்காரர்தான் எங்கள் அரசாங்கம். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் மானியம் வர வேண்டும். தாமதமானால் வட்டியோடு வர வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி அறக்கட்டளை ஆணையர் இருக்கிறார். தமிழகத்தில் சமயம் சாராத பொது அறக்கட்டளைகளுக்கென்று அப்படியொரு பொதுச் சட்டமும் இல்லை, அலுவலகமும் இல்லை. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிந்ததோடு சரி. இன்னொரு போலீஸ்காரர் எங்களுக்கு வேண்டாம். மாவட்டத்துக்கு ஓர் உதவி அலுவலகம் வேண்டும். கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிற, படிவம் நிரப்ப உதவுகிற, மூடும் நிலைக்கு வந்த இல்லத்தின் பெரியவர்களையும் குழந்தைகளையும் வேறிடம் சேர்க்கிற அலுவலகம்.

ஆறாவது: எங்கள் ஊழியர்கள்

கடைசியாக எழுதினாலும் எங்களுக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருவது. 20 பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடம் என்பதால் எங்கள் ஊழியர் பெரும்பாலானோருக்கு வருங்கால வைப்பு நிதி கிடையாது. முப்பது ஆண்டு மற்றவர்களின் முதுமையைப் பார்த்த ஓர் அம்மா, தனக்கு அறுபது வயதாகும்போது அதே இல்லத்தில் ஒரு கட்டிலை வாங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். அது எங்களுக்குப் பெருமை இல்லை.

1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் எத்தனையோ தொழில்களுக்கு நல வாரியங்கள் அமைத்த மாநிலம் இது. அறக்கட்டளைகளின் பராமரிப்பாளர், சமையலர், ஆயா, களப்பணியாளர் ஆகியோருக்கும் ஒரு வாரியம் அமையுங்கள். ஓய்வூதியம், விபத்துக் காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு உதவி ஆகிய மூன்றும் போதும். எங்கள் பங்குக்கு ஒவ்வொரு ஊழியருக்கும் மாதச் சந்தா கட்டத் தயாராக இருக்கிறோம். சேவைதானே, சம்பளம் எதற்கு என்று கேட்கிற பழக்கத்தை நாங்களும் எங்கள் நிர்வாகக் குழுக்களிலிருந்து ஒழிப்போம்.

2007 மே மாதம் மத்திய அமைச்சரவை தன்னார்வத் துறைக்கென ஒரு தேசியக் கொள்கையை ஏற்றது. எங்களைத் தன்னாட்சியுள்ள பங்காளிகள் என்று ஏற்றுக்கொண்ட அந்தக் கொள்கைக்குச் சட்டப் பலம் கொடுத்தால் மேலே கேட்டவற்றில் பாதி நிறைவேறிவிடும். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமும் இந்தச் சாசனத்தை நேரில் கொடுப்போம்; எழுத்தில் பதில் கேட்போம்.

இதைப் படிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த முறை அப்பாவின் திதிக்கு எங்கள் இல்லத்தில் சாப்பாடு போட வரும்போது, பந்தி முடிந்ததும் அலுவலக அறைக்கு ஒரு நிமிடம் வாருங்கள். அந்த மாத மின்கட்டணம் எவ்வளவு, இரவுப் பணி அக்காவின் சம்பளம் எவ்வளவு, அதில் எத்தனை மாதம் பாக்கி என்று கேளுங்கள். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். காட்டினால், அந்தப் பாக்கியில் ஒரு மாதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.